கன்னியா, ராஜபாளையமா, கோம்பையா? வேட்டை இனக் குட்டி வாங்கும் முன்

வேட்டை இனத்தில் ஒரு குட்டி வாங்கி வளர்க்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எது வேகமாக ஓடும்?" என்பதுதான். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை என்று நம் தெற்கத்தி இனங்கள் எல்லாமே வேட்டைக்காக வளர்ந்து வந்தவை. ஓட்டமும் துணிச்சலும் பிறவியிலேயே உண்டு, அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் கேட்கச் சொல்வது வேறு. ஓட ஆரம்பித்த நாய் கூப்பிட்டால் திரும்பி வருமா? வரவைக்க எந்த இனத்திடம் எவ்வளவு பாடுபட வேண்டும்? அதற்கு வேண்டிய நேரமும் இடமும் உங்களிடம் இருக்கிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்தக் குட்டி என்பதும் எப்படிப் பழக்குவது என்பதும் ஓரளவு தானாகவே முடிவாகிவிடும்.

சட்டத்தை முதலிலேயே பேசிவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டிக்கொண்டு ஓடுவது, இவற்றுக்கு முயற்சி செய்வதுகூட அதில் அடங்கும். "முயலைக் கொல்லவில்லை, சும்மா நாயை விட்டுப் பார்த்தேன்" என்ற பேச்சு எடுபடாது. கரிசல் பக்கம் இப்போது முயலைவிட மயில்தான் பெரிய சிக்கல். பருத்திக்காட்டிலும் சோளக்காட்டிலும் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. மயிலும் உடும்பும் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சபட்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. உங்கள் நாய் ஒரு மயிலைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டால் வனத்துறை தேடி வருவது உங்களைத்தான். ஆக, வேட்டை நாய்ப் பழக்கம் என்றால் இன்றைக்கு அந்த நாயின் கண்ணையும் காலையும் மூளையையும் வேலையில்லாமல் விட்டுவிடாமல் வேறு துரத்தலில் ஈடுபடுத்துவதுதான். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. நன்றாகப் பழகிய நாய் ஒரு துணித்துண்டை விரட்டித் திரும்பும் அழகு, முயலை விரட்டியபோது இருந்த அழகுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

சிப்பிப்பாறையும் கன்னியும்

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையின் பெயரைத் தாங்கிய இனம் இது. சிவகாசி, கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் என்று கரிசல் நிலம் நெடுகவும் இதை வளர்க்கிறார்கள். நீண்ட முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, சாட்டை போன்ற வால். செவலை, சாம்பல், சந்தனம் என்று பல நிறம் உண்டு. கறுப்பு உடம்பில் காலிலும் கன்னத்திலும் பழுப்பு விழுந்தால் கன்னி என்கிறார்கள். இரண்டும் ஒரே இனம், நிறம்தான் வேறு என்று ஒரு தரப்பும், இல்லை, தனித்தனி என்று இன்னொரு தரப்பும் வாதாடிக்கொண்டே இருக்கின்றன. குட்டி வாங்க வருபவர் அந்த வாதத்துக்குள் போக வேண்டாம். வளர்ப்புக்கும் பழக்கத்துக்கும் இரண்டும் ஒன்றுதான். 2020இல் தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் உண்டு. மூன்றாவது கர்நாடகத்தின் முதோல்.

இது கண்ணால் வேட்டையாடும் நாய். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்ற எல்லாம் புரியும். நாலு மாதக் குட்டி ஒன்றை வரப்பில் நடத்திக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் உருள்கிறது. குட்டி நின்றுவிடும். தலை முதுகு மட்டத்துக்குத் தாழும், கழுத்து முன்னால் நீளும், ஒரு முன்னங்கால் தூக்கியபடியே நிற்கும். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், காதுமடல்கூட அசையாது. கொழுப்பு என்று நினைத்து அதட்டாதீர்கள். கண் பார்த்ததே மூளை முழுவதையும் பிடித்துக்கொண்டது, உங்கள் குரலுக்கு அங்கே இடமில்லை. அடுத்த நொடி கயிறு கையை அறுத்துக்கொண்டு போகும். மோப்ப நாய் என்றால் தரையை முகர்ந்து முகர்ந்து மெதுவாகத்தான் விலகும், கூப்பிட அவகாசம் இருக்கும். கண் நாயிடம் அந்த அவகாசம் இல்லை. அதனால் திரும்பி வரப் பழக்குவதில் நாலு இனங்களில் அதிகம் உழைப்பு கேட்பது சிப்பிப்பாறையும் கன்னியும்தான்.

குணத்தில் இவை மென்மையானவை. ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ பிடித்துக்கொள்ளும், மற்றவர்களிடம் ஒட்டாது. ஓங்கி ஓர் அடி வைத்தால் நாட்கணக்கில் பக்கத்தில் வராமல் ஒதுங்கும் குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அடித்துப் பழக்கும் கை உள்ளவர்கள் இந்த இனத்தைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, நன்றாக வளரும் சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு வெளியே தெரியும். அதுதான் சரியான உடம்பு. தெருவில் போகிறவர்கள் "சோறு போட மாட்டீங்களா?" என்று கேட்பதற்காகக் கொழுக்க வைத்துவிடாதீர்கள். கொழுப்பு குறைந்த இந்த உடம்புக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரம் ஆகலாம். எந்த அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனாலும், இது கிரேஹவுண்ட் மாதிரியான ஓட்ட நாய் என்று மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ராஜபாளையம்

வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, உயரமான கட்டு. 2005இல் இந்திய அஞ்சல்துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம்பிடித்த தமிழ்நாட்டு நாய். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனது என்றாலும் இதன் இயல்பு காவல். கண்ணில் பட்டதை எல்லாம் விரட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை ஓடுவதில்லை. தன் எல்லை எது என்று முடிவு செய்துகொண்டு அதற்குள் சுற்றும். தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய வசதி. பழக்குவதில் தொல்லை வேறு பக்கத்தில் வரும். அந்நியர்களைச் சகிக்காது. பால்காரர், மின்கணக்கு எடுக்க வருபவர், பேரன் பேத்தியின் நண்பர்கள் என்று எல்லோரையும் மூன்று மாதத்துக்குள்ளேயே பார்க்க வைத்துவிட வேண்டும்.

இந்த இனத்தில் குட்டி எடுக்கும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது காது. தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவது ராஜபாளையத்தில் அதிகம். செவிட்டுக் குட்டி ஒரே ஈத்துக் குட்டிகளோடு இருக்கும்போது கண்டுபிடிக்கவே முடியாது. மற்றவை எழுந்தால் அதுவும் எழும், மற்றவை ஓடினால் அதுவும் ஓடும். அதனால் தனியாகத் தூக்கி வந்து வேறோர் இடத்தில் விடுங்கள். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையில் காலைத் தட்டாதீர்கள், அதிர்வு உடம்பில் தெரிந்து திரும்பிவிடும். கைதட்டினால் காற்று முதுகில் படாத தூரத்தில் நின்று தட்டுங்கள். தூங்கும்போது ஒருமுறை, விளையாடும்போது ஒருமுறை பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி சத்தம் வந்த திசை தெரியாமல் தலையை அங்குமிங்கும் திருப்பும். வளர்ப்பவர் இந்தச் சோதனைக்கு இடம் கொடுக்கவில்லை என்றால் அங்கே வாங்காதீர்கள். செவிட்டு நாயைக் கை அசைவுகளால் அன்பாகப் பழக்கலாம், அப்படி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேலியில்லாத வெளியில் அவிழ்த்துவிடும் நாயாக அது ஒருநாளும் ஆகாது.

தோலும் அப்படியே. சிவந்த தோல் என்பதால் மதிய வெயில் சுடும், மூக்கும் காதோரமும் புண்ணாகும். நிழல் இல்லாத இடத்தில் கட்டிப்போட்டு வளர்க்க இது ஏற்ற நாயல்ல. எந்த நாயும் அல்ல என்பேன், இதற்கு இன்னும் மோசம்.

கோம்பை

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊரான கோம்பையின் நாய். செம்மண் நிறம், கறுத்த வாய், அகன்ற தாடை. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியோடு மல்லுக்கு நின்ற இனம். சிப்பிப்பாறையைவிடக் குட்டை, ஆனால் உடம்பு கட்டானது. கண்ணை மட்டும் நம்பாமல் காதையும் மூக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும். அதனால் கூப்பிடும் குரல் அதன் மூளைக்குப் போய்ச் சேரும். தூரம் போவதைப் பற்றிய கவலை இதில் குறைவு.

கோம்பைக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய சொல் "வா" அல்ல, "விடு". கவ்வினால் தாடையைத் திறக்காத குணம் இதில் உண்டு. பால் பல் இருக்கும்போதே தொடங்க வேண்டும். வாயில் ஒரு துணி, மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கோழித்துண்டு, துணியைப் போட்டதும் கோழி, பிறகு அதே துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. விட்டால் இழப்பு இல்லை என்று குட்டி நம்ப வேண்டும். பிடுங்கிப் பழக்கினால் அடுத்த முறை இன்னும் இறுக்கும். ஒரு வயதில் இதைத் தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டால் அப்புறம் நடக்காது. நாய் வளர்ப்பு புதிது என்பவர்களுக்கு நான் கோம்பையைச் சொல்ல மாட்டேன். வீட்டில் ஏற்கெனவே இன்னொரு நாய் இருந்தால், குறிப்பாக அதே பாலினம் என்றால், இரண்டு முறை யோசியுங்கள்.

பெரிய நாயோடு விடுவதா, தனியாகப் பழக்குவதா?

பழைய முறை, குட்டியை அனுபவமுள்ள நாயோடு காட்டுக்கு அனுப்புவது. பெரியது போகும் வழியில் குட்டி போகும், பயம் தெளியும், முள்ளும் பாம்பும் எங்கே என்று கற்றுக்கொள்ளும். வேட்டை இருந்த காலத்தில் அது சரியான பள்ளிக்கூடம்தான். இப்போது அதில் எனக்கு இரண்டு தயக்கம் உண்டு. பெரிய நாயிடம் ஆடு விரட்டும் பழக்கமோ மயில் விரட்டும் பழக்கமோ இருந்தால் குட்டி முதலில் படிப்பது அதைத்தான். இரண்டாவது, குட்டி உங்களைப் பார்க்காமல் அந்த நாயைப் பார்த்தே வளரும். அது வந்தால் வரும், அது வராவிட்டால் இதுவும் வராது. ஒரே ஈத்தில் இரண்டு குட்டி எடுப்பதிலும் இதே சிக்கல். ஆறு மாதம் வரை தினமும் தனியாக வெளியே கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டு, அப்புறம் பெரியதோடு சேர்த்துவிடுவதுதான் சரி என்று சொல்வேன். வீட்டுக்குள் சேர்ந்து தூங்கட்டும், விளையாடட்டும், தடையில்லை.

பழக்கத்தைக் குட்டி வந்த அன்றே தொடங்குங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது என்பது 2017இல் வந்த விதி. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடிக்கும் அளவைக் கற்றுக்கொள்ள அந்த நாட்கள் குட்டிக்கு அவசியம். வந்ததும் ஒவ்வொரு வேளை சோற்றுக்கும் ஒரே சீட்டி ஒலி. தட்டு வைக்கும்போது சீட்டி, வேறு எதற்கும் அந்த ஒலி கிடையாது. மனிதக் குரலில் கோபமும் பதற்றமும் கலந்துவிடும், சீட்டியில் கலக்காது. அடுத்து முற்றத்தில், பிறகு களத்தில், பத்து மீட்டர் லேசான கயிற்றை இழுத்துக்கொண்டு திரியும்போது. வந்தால் முட்டைத் துண்டோ ஈரல் துண்டோ கொடுத்துவிட்டு உடனே திரும்பவும் ஓட விடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். கூப்பிடுவது, வந்ததும் சங்கிலியில் மாட்டுவது, வீட்டுக்கு இழுத்துப் போவது. ஒரு வாரத்தில் குட்டி கணக்குப் போட்டுவிடும்: சீட்டி கேட்டால் விளையாட்டு முடிந்தது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறையாவது மறுபடி அவிழ்த்துவிட வேண்டும். தாமதமாக வந்தாலும் திட்டக்கூடாது. ஆடு கோழி இருக்கும் இடத்தில் கயிறு இல்லாமல் விடுவது ஒரு வயதுக்குள் வேண்டாம், சிப்பிப்பாறைக்கு அதற்குப் பிறகும் வேண்டாம்.

ஓட்டத்துக்கு எது?

உயிருள்ள முயலைப் பிடித்துவந்து விட்டு விரட்டச் செய்யும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. காட்டு முயலென்றால் வனச் சட்டம், வளர்ப்பு முயலென்றால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். சட்டத்தை விடுங்கள், முடக்கிப்போட்ட முயலைக் குதற வைப்பதில் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. இதைத் தெரிவுகளில் ஒன்றாகவே நான் வைக்கவில்லை.

பைக்கில் கட்டி ஓட்டுவது இன்னொன்று. காலையில் புறவழிச்சாலைப் பக்கம் போனால் பார்க்கலாம். ஒரு கையில் ஆக்சிலேட்டர், மறு கையில் சங்கிலி. நாய்க்கு இஷ்டமான வேகத்தில் ஓடவோ, மூச்சு வாங்கினால் நிற்கவோ முடியாது. தார் ரோட்டில் பாதம் தேய்கிறது. முக்கியமாக, வளரும் குட்டியின் எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூட ஒரு வயது, பெரிய உடம்பென்றால் ஒன்றரை வயதுகூட ஆகும். அதற்குள் ஒரே சீரான ஓட்டத்தைக் கெட்டித் தரையில் திணித்தால் கால் கோணும், மூட்டு வாழ்நாள் முழுக்க வலிக்கும்.

மிச்சம் இருப்பது துணி விரட்டல். இதற்குத்தான் என் ஓட்டு. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் கம்பு, நுனியில் இரண்டு பங்கு நீளக் கயிறு, கயிற்று முனையில் கிழிந்த சாக்கோ வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டோ. நீங்கள் நடுவில் நின்று தரையோடு தரையாக இழுக்க வேண்டும். தூக்கிக் காட்டிக் குதிக்க வைக்காதீர்கள், குட்டி மூட்டுக்கு ஆகாது. சின்னக் குட்டிக்கு மெதுவாக, அகலமான வட்டத்தில், ஓரிரு நிமிடம் போதும். திடீர்த் திருப்பம் வேண்டாம். கடைசியில் பிடிக்க விடுங்கள், பிடிக்கவே கிடைக்காத இரையை எந்த நாயும் நீண்ட நாள் விரட்டாது. பிடித்ததும் "விடு", தீனி, முடிந்தது. இன்னும் வேண்டும் என்று அது உங்களைப் பார்க்கும்போதே கம்பை எடுத்து வைத்துவிட வேண்டும். ஒன்றரை வயதுக்கு மேல் இடம் உள்ளவர்கள், கப்பி வழியாக மோட்டாரில் கயிறு இழுத்து முழு வேகத்தில் ஓட விடலாம்.  விடிந்ததும் முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்த கையோடு ஓடவே கூடாது, ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

இந்த விளையாட்டின் உண்மையான பயன் ஓட்டத்தில் இல்லை. துரத்தும் வெறியின் உச்சியில் சீட்டி கேட்டுத் திரும்பும் பழக்கத்தை வேறு எங்கேயும் பாதுகாப்பாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. துணி உங்கள் கையில் இருக்கிறது. நிறுத்திவிட்டுச் சீட்டி அடித்து, வந்தால் மறுபடி துணியை ஓட்டுகிறீர்கள். உங்களிடம் வருவதற்குக் கிடைக்கும் பரிசே இன்னொரு துரத்தல். முயலும் மயிலும் உங்கள் சொல்லைக் கேட்டு நிற்காது.

தீனி பற்றிச் சுருக்கமாக. கம்பங்கூழும் கேழ்வரகும் மோரும் ஊற்றி வளர்த்த நாய்கள் அன்றைக்குக் காட்டில் கிடைத்ததையும் தின்றன. இன்றைக்குக் கூழ் மட்டும் ஊற்றினால் போதாது. முட்டை, மீன், கோழி, ஈரல் சேர வேண்டும். வேகவைத்த எலும்பு வேண்டாம், சிம்பாக உடைந்து குத்தும். மருத்துவர் சொல்லாமல் கால்சியம் மருந்து ஊற்றாதீர்கள், பெரிய இனக் குட்டிகளுக்கு அது மிஞ்சினாலும் எலும்பு கெடும். தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போக வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். தடுப்பூசி முடியும்வரை தெரு மண்ணில் விட வேண்டாம், குட்டிகளைக் கொல்லும் கழிச்சல் நோயைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தை, பேருந்து நிறுத்தம், ஆட்டுக்கிடை எல்லாம் காட்டுங்கள். பதினாலு வாரம் வரை பார்த்தவற்றைத்தான் குட்டி சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளும்.

சரி, எந்தக் குட்டி? நாலு பக்கமும் நாய் தாண்ட முடியாத வேலி போட்ட நிலம், தினமும் காலை ஒரு மணி நேரம், அடிக்காத கை, இந்த மூன்றும் இருந்தால் சிப்பிப்பாறையோ கன்னியோ எடுங்கள். உங்களுக்கு அமையக்கூடிய ஆக அழகான துணை அதுதான். வேலி இல்லை, ஊருக்குள் ஆடு கோழி நடமாட்டம் அதிகம் என்றால் எவ்வளவு ஆசை இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். தோட்டத்து வீடு, காவலும் வேண்டும் என்றால் காது சோதித்த ராஜபாளையம். மலையடிவாரத்தில் பன்றித் தொல்லைக்காக என்றால் கோம்பை. வேலிக்குள் நின்று அது குரைத்தாலே பன்றி விலகும், வெளியே அவிழ்த்துவிட்டு மோத விடாதீர்கள். ஏற்கெனவே நாய் பழக்கிய அனுபவமும் வேண்டும்.

நகரத்தில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த நாலில் எதுவும் குட்டியாக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட பெரிய நாய் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அப்படி விலங்கு மீட்பு இல்லங்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. இரண்டு மூன்று வயது நாயிடம் காது கேட்கிறதா, குழந்தைகளோடு எப்படி, பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். குட்டியிடம் இதெல்லாம் தெரிய ஒரு வருடம் ஆகும். சீட்டிப் பழக்கத்தை அந்த வயதிலும் கற்றுக்கொள்ளும், முட்டைத் துண்டு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.